என்னை மேடையிலிருந்து இறக்கிவிடுங்கள்

என் மகள் காலேஜ் ஃபுட்பால் டீமில் ஃபார்வர்டு. மூன்று வருடமாக ஆடுகிறாள். நிறைய கோல் அடித்திருக்கிறாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. ஆட்டத்துக்கே போகாத அம்மா என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கோவில்பட்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் அவள் ஆடிய ஆட்டங்களுக்கெல்லாம் போயிருக்கிறேன். போயும் பார்க்கவில்லை. பார்க்க விடவில்லை என்பதுதான் சரி.

பஸ் கவிழ்ந்து எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்ப் பல வருடமாகிறது. அந்தக் கதை எனக்கே அலுத்துவிட்டது, கேட்கிறவர்களுக்குத்தான் இன்னும் அலுக்கவில்லை. சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு வீட்டு முன்னறையில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், பாதி நாள் வடக்கேதான். எனக்குத் துணை என் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். தீப்பெட்டி ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்துவிட்டாள். என்னை எழுப்புவது, குளிக்க வைப்பது, நாற்காலியில் ஏற்றுவது எல்லாம் அவள்தான். அவளுக்கு ஃபுட்பால் சுத்தமாகப் பிடிக்காது. "ஒரு பந்துக்கு இத்தனை பிள்ளைய அடிச்சுக்கிடுது, ஆளுக்கொண்ணு வாங்கிக் குடுத்தா என்ன மதினி?" என்பாள். ஆனாலும் என்னைத் தள்ளிக்கொண்டு வராத ஆட்டம் கிடையாது.

எங்கள் ஊரில் பிள்ளை நடக்கப் பழகியதும் கையில் ஹாக்கி மட்டையைக் கொடுத்துவிடுவார்கள். என் மகள் மட்டும் காலால்தான் ஆடுவேன் என்று நின்றாள். "அம்மைக்கும் சேத்து மக ஓடுதா" என்று தெருவில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு வந்ததே கோபம். அவள் எனக்காக ஓடவில்லை, பந்துக்காக ஓடுகிறாள். அவள் ஓடுவதை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் என் ஆசை. உட்காரத்தான் எனக்கு நன்றாக வருமே!

ஆனால் எங்கே உட்கார்வது? ஒரு மைதானத்தில் சக்கர நாற்காலிக்கென்று சாய்தளம் கட்டியிருந்தார்கள். கைப்பிடியெல்லாம் போட்டு, பெயிண்ட் அடித்து, போர்டும் வைத்திருந்தார்கள். மேலே ஏறினால் கேட்டில் பூட்டு. சாவி வைத்திருக்கிறவர் டீ குடிக்கப் போயிருந்தார். இன்னொரு இடத்தில் வாசலில் நின்ற ஆள் பெரிய மனது பண்ணி, "நீங்க சும்மாவே போங்கம்மா" என்று என்னை விட்டுவிட்டு, நாத்தனாரை மறித்து டிக்கெட் கேட்டார். அவள் டிக்கெட் எடுப்பதாகத்தான் இருந்தாள். வரிசையின் கடைசியில் போய் நிற்கச் சொன்னதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அதுவரைக்கும் வண்டிய யாரு தள்ளுவா? நீங்க தள்ளுதீங்களா?" என்று அவர் கையைப் பிடித்து நாற்காலியின் கைப்பிடியில் வைத்தாள். அவர் தீயில் கை பட்டவர் மாதிரி பின்னால் போனார்.

இன்னொரு ஊரில் மிகுந்த அக்கறையோடு, வெயில் படாமல் இருக்கட்டும் என்று, ஒரு வேப்பமரத்து நிழலில் கொண்டுபோய் விட்டார்கள். நிழல் அருமையான நிழல். அங்கிருந்து பார்த்தால் மற்ற டீம் வந்த பஸ் தெரிந்தது. அன்றைக்கு என் மகள் இரண்டு கோல் அடித்தாளாம். பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது.

மைதானத்தின் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்த நாளிலும் சங்கடம்தான். பந்து கோலுக்குக் கிட்டே போனால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். நான் எப்படி எழுந்து நிற்பது? எனக்கு முதுகுதான் தெரியும். இந்த வட்டாரத்து ஆண்களை நான் முகத்தைவிட முதுகை வைத்துத்தான் அடையாளம் சொல்வேன். போதாததற்கு, என்னைப் பற்றிய கேள்வியையெல்லாம் என் தலைக்கு மேலே நாத்தனாரிடம் கேட்பார்கள். "அவங்க டீ குடிப்பாங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"அவியகிட்டயே கேளுங்க. வாய் நல்லாத்தான் இருக்கு. கேட்டா தாங்க மாட்டீங்க" என்றாள்.

டீயைப் பற்றிச் சொன்னால் இதையும் சொல்ல வேண்டும். ஆட்டத்துக்குப் போகிற நாளில் நான் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. எந்த மைதானத்திலும் என் நாற்காலி நுழைகிற மாதிரி கக்கூஸ் கிடையாது. கரிசக்காட்டு வெயிலில் நாக்கு வறண்டுபோய் உட்கார்ந்திருப்பேன். யாராவது அன்பாக மோர் நீட்டினால் வேண்டாம் என்பேன், கோபக்காரி என்று பெயர் வாங்குவேன். வாங்கிவிட்டுப் போகிறேன்.

போன சித்திரையில் மகளுக்குப் படிப்பு முடிந்தது. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அங்கே டீமும் கிடையாது, மைதானமும் கிடையாது. அதற்கு முந்தின சனிக்கிழமை எட்டயபுரம் பக்கம் ஒரு கிராமத்தில், மாதா கோயில் திருவிழாவை ஒட்டி ஊர்க்காரர்கள் நடத்துகிற பெண்கள் போட்டி. எங்கள் பிள்ளைகள் ஃபைனலுக்கு வந்துவிட்டார்கள். அவள் ஆடுகிற கடைசி ஆட்டம் அது. இதில் பார்க்காவிட்டால் இனிமேல் இல்லை.

ஆகவே இந்தத் தடவை முன்கூட்டியே போட்டிக் கமிட்டித் தலைவருக்கு நானே போன் பண்ணினேன். பெரிய மனிதர், ஊரில் பருத்தி வியாபாரம். விளக்கமாகச் சொன்னேன். எல்லைக்கோட்டை ஒட்டித் தரையில் ஒரு இடம் வேண்டும். முன்னால் ஆள் நிற்கக் கூடாது. துணைக்கு வருகிறவள் என் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அவ்வளவுதான் அண்ணாச்சி, வேறொன்றும் வேண்டாம் என்றேன்.

"இதெல்லாம் நீங்க சொல்லணுமாம்மா? சிறப்பா செஞ்சிருவோம். நீங்க வந்தா மட்டும் போதும்" என்றார். அந்தச் 'சிறப்பா' என்ற சொல்லிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் லோடு ஆட்டோவில் நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போனோம். ஊர் எல்லையிலேயே ஃப்ளெக்ஸ் போர்டு. அதில் நான் இருந்தேன்! என் வாட்ஸ்அப் படத்தை எடுத்து, சுற்றிப் பூ வரைந்து, 'தன்னம்பிக்கைத் திலகமே, வருக வருக' என்று போட்டிருந்தார்கள். கீழே மூலையில் சின்னதாக ஒரு ஃபுட்பால்.

"மதினி, நீங்க எந்தக் கட்சியில நிக்குதீங்க?" என்றாள் நாத்தனார்.

மைதானத்தில் போய் இறங்கினால் கொட்டு அடிக்கிறார்கள். தலைவர் வெள்ளை வேட்டி சரசரக்க ஓடிவந்தார். "பாருங்கம்மா, உங்களுக்குன்னே தச்சனை வரவச்சு அடிச்சோம்" என்று கையைக் காட்டினார். பலகையில் சாய்தளம், மேலே சிவப்புக் கம்பளம். நல்ல வேலைப்பாடு, பலகை கொஞ்சம்கூட ஆடவில்லை. எந்தக் கவர்மெண்டு ஆபீஸிலும் அவ்வளவு ஒழுங்கான சாய்தளத்தை நான் பார்த்ததில்லை. அது மேடைக்கு ஏறியது.

"அண்ணாச்சி, நான் கீழ இருக்கேன்னுதான சொன்னேன்?"

"என்னம்மா நீங்க! உங்களைப் போயி மண்ணுல உக்கார வப்போமா? ஊரு எங்களைக் காறித் துப்பிராது?"

அவர் மனதறிந்து கெடுதல் பண்ணவில்லை, அது எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஒரு ஆளுக்கு நல்லது செய்ய வேண்டுமென்றால் மேடையில் ஏற்றுவது, பொன்னாடை போர்த்துவது, போட்டோ எடுப்பது. அதற்கு மேல் ஒரு மனுசிக்கு வேறு என்ன வேண்டியிருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. நான் மறுபடி வாயைத் திறப்பதற்குள் நாலு பேர் என்னை மேலே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். சக்கரம் உருளாமல் இருக்கச் செங்கல் வைத்தார்கள். நாத்தனாரை, "மேடையில விருந்தாளிய மட்டும்தான்க்கா" என்று கீழே நிறுத்திவிட்டார்கள். பின்னால் சரிவு, சக்கரத்துக்கு அடியில் செங்கல், தள்ளுகிறவள் கீழே. யாராவது மனது வைத்தாலொழிய நான் அசைய முடியாது. என்னைக் கட்டிப் போட்டிருந்தால்கூட இவ்வளவு பக்குவமாகக் கட்டியிருக்க மாட்டார்கள்.

என் முன்னால் மேசை. அதன் மேல் கோப்பை, பூச்செண்டு, பொன்னாடைக் கட்டு. மற்றவர்கள் உயரமான சோபாவில் இருந்தார்கள், அவர்களுக்கு எல்லாம் தெரிந்தது. எனக்குக் கோப்பைக்கும் பூச்செண்டுக்கும் இடையில் ஒரு கார்னர் கொடி தெரிந்தது. கழுத்தை ஒடித்துப் பார்த்தால் பாதி மைதானம் தெரிந்தது. சரி, பாதியாவது தெரிகிறதே, எங்கள் பிள்ளைகள் அந்தப் பக்கம்தானே கோல் அடிக்கப் போகிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஆட்டம் ஆரம்பித்தது. மகள் இரண்டு தடவை என் கண்ணில் பட்டாள். பந்தை வாங்குகிறாள், திரும்புகிறாள், போய்விடுகிறாள். அவள் இவ்வளவு வேகமாக ஓடுவாள் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் தட்டைக் கழுவச் சொன்னால் அசைய மாட்டாள்.

அந்த நேரம் பார்த்து, தாமதமாக வந்த சிறப்பு விருந்தினரின் கார் வந்து நின்றது. அவருக்கு வேறு ஊரில் இன்னொரு விழாவாம், அவசரம். இடைவேளை வரை காத்திருக்க முடியாதாம். ஆட்டம் பாட்டுக்கு நடக்கட்டும், மரியாதையை முடித்துவிடுவோம் என்று தலைவர் எழுந்துவிட்டார். மைக்கில் ஆட்டத்தை வர்ணித்துக்கொண்டிருந்தவர்தான் விழாவுக்கும் அறிவிப்பாளர். "பந்து நடுக்களத்திலே… அடுத்ததாக, தன்னம்பிக்கைத் திலகம் அவர்களுக்கு நமது தலைவர் பொன்னாடை அணிவிக்கிறார்… பந்து இப்போது இடது ஓரத்திலே…"

தலைவர் என் முன்னால் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் விருந்தினர். பக்கத்தில் இன்னும் இரண்டு பேர். போட்டோக்காரர் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, "அம்மா, இங்கன பாருங்க, சிரிங்க" என்றார். சரிகைப் பொன்னாடை என் தலைக்கு மேல் விரிந்தது. அது சரியாகத் தோளில் விழவில்லை, முகத்தில் விழுந்தது.

"பொன்னாடை அணிவித்துக் கௌரவிக்கும் இந்த வேளையிலே… கோல்! கோல்!"

நான் பொன்னாடையை இழுத்து எறிந்தேன். முன்னால் வேட்டி, பேண்ட், வயிறு. "தள்ளுங்க! தள்ளுங்கய்யா!" என்று கத்தினேன். அவர்கள் விலகியபோது எங்கள் பிள்ளைகள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து கிடந்தார்கள். எல்லோருக்கும் அடியில் கிடந்தது என் மகள்.

தலைவர் முகமெல்லாம் பல்லாகத் திரும்பினார். "பாத்தீங்களா! உங்களுக்குப் போர்த்துன நேரம், மக கோல் அடிச்சுட்டா!" என்றார். "ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா" என்று மைக்கை என் கையில் கொடுத்தார்.

கொடுத்திருக்கக் கூடாது.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றேன். என் குரல் நாலு பக்கமும் ஒலிபெருக்கியில் இடித்தது. "நான் பேச வரலை. எம்மக ஆடுதா, அதப் பாக்க வந்தேன். மூணு வருசமா எம்மக அடிச்ச ஒரு கோலை நான் பாக்கலை. இப்ப அடிச்சதையும் பாக்க விடலை. எனக்கு இந்தத் துணி வேண்டாம். நான் திலகமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எனக்கு ஆட்டம் பாக்கணும். என்னைக் கீழ இறக்கிவிடுங்க."

கூட்டம் கை தட்டியது. நம்பவே முடியவில்லை. நன்றாகப் பேசினேனாம்! சோபாவில் இருந்த விருந்தினரும் தலையை ஆட்டிக்கொண்டே தட்டினார்.

"கை தட்டாதீங்க!" என்று மைக்கிலேயே கத்தினேன். "இறக்கிவிடுங்கன்னு சொல்லுதேன், காதுல விழலையா?"

அப்போதுதான் கைதட்டல் நின்றது. தலைவர் முகம் சுண்டிப்போனது. "கௌரவப்படுத்தத்தானம்மா செஞ்சோம். எல்லாரு முன்னாலயும் இப்படிப் பேசிட்டீங்களே" என்றார். எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கோலை அவரால் திருப்பித் தர முடியுமா?

"உங்க கௌரவத்துக்குப் பின்னால இருந்து எனக்கு ஒண்ணும் தெரியலையே அண்ணாச்சி" என்றேன்.

யாரையும் கேட்காமல் நாத்தனார் மேலே வந்துவிட்டாள். செங்கலைக் காலால் எத்தினாள். நாலு பேர் உதவிக்கு ஓடிவந்து நாற்காலியின் கைத்தாங்கியைப் பிடித்தார்கள். "அதப் பிடிச்சுத் தூக்காதீங்க, கழண்டுகிட்டு வந்துரும்! தள்ளி நில்லுங்க, எனக்குத் தெரியும்" என்று அதட்டிவிட்டு, என்னைத் திருப்பி, முதுகுப் பக்கமாகச் சரிவில் இறக்கினாள். அப்படித்தான் இறக்க வேண்டும், இல்லையென்றால் ஆள் குப்புற விழும். கீழே கரிசல் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. முன்சக்கரம் இரண்டும் வெடிப்பில் மாட்டும். அவள் நாற்காலியைப் பின்னால் சாய்த்து, பெரிய சக்கரத்தில் மட்டும் உருட்டிக்கொண்டு, சுண்ணாம்புக் கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் காலேஜ் பிள்ளைகள் இருந்த இடத்தில் நிறுத்தினாள். முன்னால் ஒருவர் நின்றார். "உக்காருங்க அண்ணாச்சி" என்றாள். மேடையில் நடந்ததைக் கேட்டிருப்பார் போல, மறுபேச்சு இல்லாமல் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாவது பாதி முழுவதையும் பார்த்தேன். கண்ணுக்கு நேரே பார்த்தேன். உதைபடுகிற பந்தின் சத்தம் மார்பில் வந்து விழுகிறது, அது எனக்குத் தெரியாது. என் மகள் ஆட்டத்தில் என்னமாய் வாய் பேசுகிறாள்! ரெஃப்ரியிடம் சண்டை, எதிர் டீமிடம் சண்டை, சொந்த கோல்கீப்பரிடமும் சண்டை. எங்கேயிருந்து கற்றாள் என்று யோசித்தேன். நாத்தனார் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஒரு தடவை பந்து அவளுக்குத் தனியாக வந்தது. எதிர் டீம் கீப்பர்கூட கோலைவிட்டுத் தள்ளி விழுந்து கிடந்தாள். என் கண் முன்னால், இருபது அடி தூரத்தில், என் மகள் பந்தை வானத்தில் அடித்தாள்.

"ஏட்டி! கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்று கத்தினேன். அவள் திரும்பிப் பார்த்தாள். நான் மேடையில் இல்லை, கோட்டோரத்தில் இருக்கிறேன் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நீ வந்து அடி, பாப்போம்!" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் திகைத்துவிட்டார்கள். நடக்க முடியாத அம்மாவிடம் இப்படிப் பேசலாமா என்று ஒரு பெண் உச்சுக் கொட்டினாள். எனக்கோ அந்த மூன்று வருடத்தில் அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

வேறு கோல் விழவில்லை. ஒன்றுக்குப் பூஜ்யம், எங்கள் பிள்ளைகள் ஜெயித்தார்கள். அந்த ஒன்றுதான் நான் பார்க்காதது.

கோப்பையை நான் வந்து கொடுக்க வேண்டும் என்று மைக்கில் கூப்பிட்டார்கள். விடாமல் கூப்பிட்டார்கள். நான் அசையவில்லை. நாத்தனாரும் தள்ளவில்லை. கடைசியில் தலைவரே கொடுத்தார். ஒரு தாய்க்கு இவ்வளவு அகங்காரம் ஆகாது என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. திரும்பிப் பதில் சொல்லத் தெம்பில்லை, நாக்கு வறண்டிருந்தது.

வெயில் தாழ்ந்து லோடு ஆட்டோவில் திரும்பினோம். நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மகள் காலிலிருந்த மண்ணை உரித்துக்கொண்டே வந்தாள். கோலைப் பார்த்தாயா என்று அவள் கேட்கவில்லை. மைக்கில் நான் பேசியதை மைதானம் முழுக்கத்தான் கேட்டதே.

பாதி வழியில் என் போனுக்குக் கமிட்டியிலிருந்து வீடியோ வந்தது. கூடவே தலைவரின் செய்தி: 'வருத்தம் வேண்டாம்மா. கோல் விழுந்த நேரம் பூராவும் இதில் பதிவாகியிருக்கிறது.' சொல்லப்போனால், அந்த மனிதர் மேல் இருந்த கோபம் அந்த நிமிடம் பாதியாகக் குறைந்தது. மகள் போனைப் பிடுங்கிக்கொண்டு என் மடியில் சாய்ந்தாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

மேடை தெரிந்தது. தலைவர் பொன்னாடையை விரிக்கிறார். அது என் முகத்தில் விழுகிறது. நான் துணிக்குள் கிடந்து துழாவுகிறேன். பின்னால் எங்கேயோ 'கோல்! கோல்!' என்று ஊரே கத்துகிறது. கேமரா திரும்பவே இல்லை. துணிக்குள்ளிருந்து நான் வெளியே வருகிறவரை என்னையே காட்டிக்கொண்டிருந்தது.

மகள் முதலிலிருந்து ஓடவிட்டு இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "இதுல நான் எங்கம்மா?" என்றாள்.

"அதத்தான்ட்டி நானும் கேக்குதேன்" என்றேன்.